அருவி மேல் ஒரு வீடு



ஒரு காடு. காட்டுக்குள் ஓர் ஓடை. அந்த ஓடை பாறைகளில் தாவி அருவியாக விழுகிறது. அந்த இடம் உங்களுக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு வீடு கட்டப் போகிறீர்கள். எந்த இடத்தில் கட்டுவீர்கள்?

அருவி நன்றாகத் தெரியும்படி எதிர்க்கரையில் கட்டுவோம் என்றுதானே சொல்வீர்கள்? எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் ஒருவர் மட்டும் வேறு மாதிரி நினைத்தார். அருவிக்கு எதிரே கட்டாமல், அருவிக்கு மேலேயே வீட்டைக் கட்டிவிட்டார்!

அவர் பெயர் பிராங்க் லாயிட் ரைட். அமெரிக்காவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். அவர் கட்டிய அந்த வீட்டின் பெயர் 'ஃபாலிங் வாட்டர்'. விழும் நீர் என்று பொருள். அவருடைய கதையையும், அந்த வீடு விழாமல் நிற்கும் கதையையும் இந்த வாரம் தெரிந்துகொள்வோமா?

மரக்கட்டை விளையாட்டு

ரைட், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ரிச்லேண்ட் சென்டர் என்ற சிறிய ஊரில் 1867-ம் ஆண்டு ஜூன் 8-ம் தேதி பிறந்தார். தந்தை வில்லியம் ரைட் மதபோதகர், இசையிலும் வல்லவர். தாய் அன்னா ஒரு பள்ளி ஆசிரியை. வீட்டில் பெரிய வசதி எதுவும் கிடையாது. பிழைப்புக்காக அந்தக் குடும்பம் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது.

தன் மகன் கட்டடக் கலைஞராக வர வேண்டும் என்பது அன்னாவின் ஆசை. மகன் பிறப்பதற்கு முன்பே அவர் இதை முடிவு செய்துவிட்டதாகவும், குழந்தையின் அறைச் சுவரில் பழைய தேவாலயங்களின் படங்களை மாட்டி வைத்ததாகவும் ரைட் பின்னாளில் தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார்.

1876-ல் பிலடெல்பியா நகரில் ஒரு மாபெரும் கண்காட்சி நடந்தது. அமெரிக்கா சுதந்திரம் பெற்ற நூறாவது ஆண்டு விழாக் கண்காட்சி அது. அங்கே போன அன்னாவின் கண்ணில் ஒரு விளையாட்டுப் பொருள் பட்டது. வழவழப்பான மரக்கட்டைகள். சதுரக் கட்டை, செவ்வகக் கட்டை, உருண்டை, உருளை என்று பல வடிவங்கள். அவற்றை உருவாக்கியவர், ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த பிரெடெரிக் ஃப்ரோபெல் என்ற கல்வியாளர்.

இந்த ஃப்ரோபெலை உங்களுக்கும் தெரியும்! நீங்கள் எல்.கே.ஜி., யு.கே.ஜி. படித்தீர்கள் அல்லவா? அதில் வரும் 'கே.ஜி.' என்பது 'கிண்டர்கார்டன்' என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம். குழந்தைகளின் தோட்டம் என்று அர்த்தம். அந்தக் கல்வி முறையைத் தொடங்கி வைத்தவர்தான் ஃப்ரோபெல்.

அன்னா அந்தக் கட்டைகளை மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். ஒன்பது வயதுச் சிறுவன் மேஜை முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்கில் அடுக்கினான்; கலைத்தான்; மறுபடியும் அடுக்கினான். ஒரு கட்டை மேல் இன்னொரு கட்டையை வைத்து, அதைக் கொஞ்சம் வெளியே நீட்டினால் என்ன ஆகும்? எவ்வளவு தூரம் நீட்டினால் விழும்? இப்படி விளையாடிக் கற்றான். அந்தக் கட்டைகளின் வழுவழுப்பு கடைசி வரை தன் விரல்களில் தங்கிவிட்டது என்ற பொருளில் ரைட் எழுதியிருக்கிறார். அருவி வீட்டின் படத்தைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி வைத்த பெரிய கட்டைகளைப் போலவே அது இருக்கும்!

தாய்மாமாவின் பண்ணை

பிராங்க்குக்குப் பதினொரு வயதானபோது, கோடைக்காலங்களில் தாய்மாமா ஜேம்ஸின் பண்ணைக்கு அனுப்பி வைத்தார்கள். விருந்தாளியாக அல்ல, வேலையாளாக! அதிகாலையிலேயே எழுந்திருக்க வேண்டும். மாடு கறக்க வேண்டும். விறகு சுமக்க வேண்டும். கை காய்த்துப்போகும், இடுப்பு ஒடிந்துபோகும். தாங்க முடியாமல் சிறுவன் பண்ணையை விட்டு ஓடியதும் உண்டு. மாமா கண்டிக்காமல், பொறுமையாகப் பேசித் திரும்ப அழைத்துவந்தார்.

அந்தப் பண்ணையில் அவன் இன்னொரு பாடமும் படித்தான். மலை எப்படிச் சரிகிறது, பாறை எப்படி அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது, மரம் எப்படி மண்ணைப் பிடித்துக்கொண்டு கிளையை வெளியே நீட்டுகிறது என்றெல்லாம் கவனித்தான். கட்டடமும் மண்ணிலிருந்து முளைத்தது போல இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் வந்தது.

இடிந்து விழுந்த கட்டடம்

1883-ம் ஆண்டு நவம்பர் மாதம். அப்போது ரைட்டுக்கு 16 வயது. அவர்கள் குடும்பம் மாடிசன் நகரில் இருந்தது. அங்கே மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குப் புதிதாக ஒரு பகுதியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ரைட் அந்த வழியாகப் போனபோது பயங்கரச் சத்தம் கேட்டது. புதிய பகுதி அப்படியே இடிந்து உள்ளே விழுந்துவிட்டது. தொழிலாளர்கள் பலர் உயிரிழந்தார்கள்.

ரைட் அங்கிருந்த இரும்பு வேலியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்த்தபடி நின்றார். அன்று இரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை. அடித்தளத்தில் இருந்த பெரிய தூண்களின் உள்ளே நல்ல கல்லுக்குப் பதிலாக உடைந்த செங்கல்லையும் கல்துண்டுகளையும் கொட்டி நிரப்பியிருந்தார்களாம். வெளியே பார்த்தால் தூண். உள்ளே வெறும் குப்பை! கட்டடம் அழகாக இருந்தால் மட்டும் போதாது, உறுதியாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மனித உயிர்கள் போய்விடும் என்பதை அந்த வயதிலேயே அவர் கண்ணால் கண்டார். இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் குழந்தைகளே! பின்னால் மறுபடியும் இதைப் பற்றிப் பேசப் போகிறோம்.

சிகாகோவில் ஒரு குரு

ரைட்டின் பெற்றோர் 1885-ல் பிரிந்துவிட்டார்கள். ரைட் ஒரு பேராசிரியரிடம் வேலை பார்த்துக்கொண்டே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் படித்தார். ஆனால் பட்டம் வாங்கவில்லை. 1887-ல் சிகாகோ நகருக்கு ரயில் ஏறினார். அப்போது அவருக்கு 19 வயது.

சிகாகோவில் லூயி சல்லிவன் என்ற மேதையின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. வானளாவிய கட்டடங்களை வடிவமைப்பதில் முன்னோடி அவர். ரைட் அவரைத் தன் குருவாகவே நினைத்தார். ஆனால் ரைட்டிடம் ஒரு குறை. கையில் காசு நிற்காது. வீடு கட்டினார், பொருள்கள் வாங்கினார், கடன் ஏறியது. அதைச் சமாளிக்க, அலுவலக ஒப்பந்தத்தை மீறி, யாருக்கும் தெரியாமல் வெளியாட்களுக்கு வீடுகள் வரைந்து கொடுத்தார். சல்லிவனுக்கு விஷயம் தெரிந்தது. 1893-ல் இருவரும் பிரிந்தார்கள். பல ஆண்டுகள் பேச்சுவார்த்தையே இல்லை. பின்னாளில் சல்லிவன் வறுமையில் வாடியபோது ரைட் அவரைத் தேடிப் போய் உதவினார்.

தனியாகத் தொழில் தொடங்கிய ரைட், அமெரிக்க வீடுகளின் அமைப்பையே மாற்றினார். அந்தக் காலத்து வீடு என்றால் பெட்டி பெட்டியாக அறைகள் இருக்கும். ரைட் தேவையில்லாத சுவர்களை எடுத்துவிட்டார். உட்காரும் இடமும் சாப்பிடும் இடமும் ஒன்றோடொன்று கலந்தன. கூரைகள் தாழ்வாகவும், பறவை சிறகை விரித்தது போல வெளியே நீண்டும் இருந்தன. 1910-ல் சிகாகோவில் கட்டி முடிக்கப்பட்ட ராபி வீடு இதற்கு நல்ல உதாரணம்.

தன் தாயின் குடும்பத்தார் வாழ்ந்த பள்ளத்தாக்கில் 1911-ல் தனக்கென ஒரு வீடு கட்டிக்கொண்டார். அதற்கு 'டாலியசின்' என்று பெயர் வைத்தார். வேல்ஸ் மொழிச் சொல் அது. ஒளிரும் நெற்றி என்று பொருள். வீட்டை மலை உச்சியில் வைக்காமல், மலைக்கு நெற்றி போல, உச்சிக்குச் சற்றுக் கீழே கட்டினார். உச்சியில் கட்டினால் மலையின் அழகு போய்விடும் அல்லவா?

துன்பமும் துணிவும்

ரைட்டின் வாழ்க்கை நேரான பாதையாக இருக்கவில்லை. 1909-ல் மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் விட்டுவிட்டு அவர் ஐரோப்பாவுக்குப் போனார். பலர் அவரை வெறுத்தார்கள். அந்தப் பிரிவு பிள்ளைகளுக்கு எவ்வளவு வலித்திருக்கும்! 1914-ல் இன்னொரு பேரிடி. ரைட் வெளியூரில் இருந்தபோது டாலியசினுக்கு ஒரு பணியாள் தீ வைத்தான். ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். ரைட் மனம் உடைந்துபோனார். ஆனாலும் அந்த வீட்டைத் திரும்பக் கட்டினார். 1925-ல் மறுபடியும் தீப்பிடித்தது. மறுபடியும் கட்டினார்!

இதற்கு நடுவில் ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டலைக் கட்டினார். 1923-ம் ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதி, அந்த ஹோட்டலின் திறப்பு விழா நாளிலேயே, டோக்கியோவைப் பெரும் பூகம்பம் தாக்கியது. நகரத்தில் ஏராளமான கட்டடங்கள் இடிந்தும் எரிந்தும் போயின. ஹோட்டல் கொஞ்சம் சேதமடைந்தாலும் விழாமல் நின்றது. ரைட்டின் புகழ் பரவியது. (1968-ல் அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டது.)

ரைட்டின் மகன் ஜானும் அந்த ஹோட்டல் வேலையில் அப்பாவுக்கு உதவியாக இருந்தார். பின்னர் அவர் மரக்கட்டைகளைக் கோத்துக் குட்டி வீடு கட்டும் 'லிங்கன் லாக்ஸ்' என்ற விளையாட்டுப் பொருளை உருவாக்கினார். அப்பா கட்டை அடுக்கி விளையாடினார். மகன் கட்டை விளையாட்டையே கண்டுபிடித்துவிட்டார்!

1929-ல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. வீடு கட்ட யாரிடமும் பணமில்லை. ரைட்டுக்கு வேலையே வரவில்லை. அவர் காலம் முடிந்துவிட்டது என்று இளம் கட்டடக் கலைஞர்கள் பேசிக்கொண்டார்கள். ரைட் சும்மா இருக்கவில்லை. 1932-ல் டாலியசினில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்கே மாணவர்கள் படம் வரைவதோடு சமைப்பார்கள், உழுவார்கள், கல் சுமந்து கட்டுவார்கள். ஆம், தாய்மாமா சொல்லிக் கொடுத்த பாடம்தான்!

கரடி ஓடை

1934-ல் அந்தப் பள்ளியில் சேர்ந்தவர்களில் எட்கர் காஃப்மன் என்ற இளைஞரும் ஒருவர். அவருடைய தந்தையின் பெயரும் எட்கர் காஃப்மன்தான். பிட்ஸ்பர்க் நகரில் பெரிய பல்பொருள் அங்காடியின் உரிமையாளர். பென்சில்வேனியா மாநிலத்துக் காட்டில், 'பேர் ரன்' என்ற ஓடையின் கரையில் அவருக்கு நிலம் இருந்தது. பேர் ரன் என்றால் கரடி ஓடை. வார இறுதியில் குடும்பத்தோடு அங்கே போய், அருவிக்கு மேலே இருந்த பெரிய பாறையில் வெயில் காய்வது அவர்களுக்கு மிகவும் பிடிக்கும்.

அங்கே ஒரு நல்ல வீடு வேண்டும் என்று காஃப்மன் ஆசைப்பட்டார். 1934 டிசம்பரில் ரைட் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தார். பெரிய பாறைகளும் மரங்களும் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் நில வரைபடம் ஒன்றை அனுப்பச் சொன்னார். வரைபடம் வந்தது. ஆனால் மாதங்கள் ஓடின. ரைட் ஒரு கோடு கூட வரையவில்லை!

1935 செப்டம்பர் 22-ம் தேதி காஃப்மன் தொலைபேசியில் அழைத்தார். மில்வாக்கி நகரில் இருப்பதாகவும், வீட்டின் வரைபடத்தைப் பார்க்கக் காரில் கிளம்பி வருவதாகவும் சொன்னார். மாணவர்கள் கதிகலங்கிப் போனார்கள். ரைட் அமைதியாக மேஜை முன் உட்கார்ந்தார். வண்ணப் பென்சில்களை எடுத்து வரையத் தொடங்கினார். மாணவர்கள் பென்சில்களைச் சீவிச் சீவிக் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள், காஃப்மன் வந்து சேர்வதற்குள், மூன்று மாடிகளின் வரைபடமும் தயார்! அருகில் இருந்து பார்த்த மாணவர்கள் இந்தக் கதையைப் பிற்காலத்தில் வியப்போடு சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு மணி நேரத்தில் ஒரு வீடா என்று மலைக்காதீர்கள். ஒன்பது மாதங்களாக அந்த வீடு அவர் மனதுக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. அன்று தாளில் இறக்கி வைத்தார், அவ்வளவுதான். அப்போது அவருக்கு வயது 68!

வரைபடத்தைப் பார்த்த காஃப்மனுக்கு ஆச்சரியம். அருவியைப் பார்க்கும்படி வீடு இருக்கும் என்று எதிர்பார்த்தார். இதுவோ அருவிக்கு மேலே இருக்கிறது! தினமும் பார்த்தால் அருவி அலுத்துவிடும். அதனோடு சேர்ந்து வாழ வேண்டும் என்பது ரைட்டின் எண்ணம். காஃப்மன் ஒப்புக்கொண்டார்.

தாங்குமா, விழுமா?

அருவிக்கு மேலே எப்படிக் கட்டுவது? தண்ணீருக்குள் தூண் நடுவதா? ரைட்டுக்கு அதில் விருப்பமில்லை. கரையில் இருக்கும் பாறையில் வீட்டை உறுதியாக ஊன்றி, அங்கிருந்து காங்கிரீட் தளங்களை ஓடைக்கு மேலே சுமார் 15 அடி தூரம் அந்தரத்தில் நீட்டிவிட்டார்.

இது எப்படி நிற்கும் என்று ஒரு சோதனை செய்து பார்ப்போமா? ஒரு ஸ்கேலை மேஜை ஓரத்தில் வையுங்கள். பாதிக்கும் குறைவான பகுதி வெளியே நீண்டிருக்கட்டும். இப்போது வெளியே உள்ள முனையில் ஓர் அழிரப்பரை வைத்தால் ஸ்கேல் கவிழப் பார்க்கும். ஆனால் உள்பக்கத்து முனையில் கனமான புத்தகம் ஒன்றை வைத்துவிட்டால்? கவிழாது. உள்ளே இருக்கும் பாரம் வெளியே நீண்டிருப்பதைப் பிடித்துக்கொள்கிறது. நம் வீட்டு ஜன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேடும் பால்கனியும் இப்படித்தான் நிற்கின்றன.

இன்னொரு சோதனை. நீளமான அழிரப்பரின் ஒரு முனையை மேஜையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியே நீண்டிருக்கும் முனையைக் கீழே அழுத்துங்கள். ரப்பரின் மேல்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் நசுங்கும். காங்கிரீட்டுக்கு ஒரு குணம் உண்டு. நசுக்கினால் நன்றாகத் தாங்கும். இழுத்தால் விரிசல் விட்டுவிடும். அதனால்தான் அதற்குள் இரும்புக் கம்பிகளை வைக்கிறார்கள். இழுவையைக் கம்பி தாங்கிக்கொள்ளும். ஆகவே எத்தனை கம்பி வைக்கிறோம் என்பது உயிர் காக்கும் விஷயம்.

காஃப்மனுக்குப் பயம் வந்தது. தனக்குத் தெரிந்த பொறியாளர்களிடம் வரைபடத்தைக் காட்டினார். இந்த இடத்தில் இப்படிக் கட்டுவது ஆபத்து என்று அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். ரைட்டுக்குக் கடுங்கோபம்! நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இந்த வீடு வேண்டாம், வரைபடத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். காஃப்மன் இறங்கி வந்தார். அந்த அறிக்கையை வீட்டின் கல் சுவருக்குள் வைத்தே கட்டிவிட்டதாகச் சொல்வார்கள்.

1936-ல் வேலை தொடங்கியது. பொறியாளர்களுக்கு மனம் கேட்கவில்லை. கம்பி போதாது என்று அவர்கள் கணக்கு சொன்னது. ஆகவே ரைட்டுக்குத் தெரியாமல், முக்கியமான உத்தரங்களில் கம்பிகளை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் ரைட் கொதித்தார். வேலையை மேற்பார்வை செய்த தன் மாணவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். பிறகு சமாதானம் ஆகி, வேலை தொடர்ந்தது.

காங்கிரீட் இறுகியதும், கீழே முட்டுக் கொடுத்திருந்த மரங்களை எடுத்தார்கள். தளம் உடனே ஒன்றே முக்கால் அங்குலம் கீழே இறங்கியது! கைப்பிடிச் சுவர்களில் விரிசல்கள் தெரிந்தன.

இன்னொரு சம்பவம். பயந்துபோன காஃப்மன் தரப்பினர், ஒரு தளத்துக்கு அடியில் ஆதரவாகக் கல் சுவர் எழுப்பினார்கள். அதைக் கேள்விப்பட்ட ரைட், அந்தச் சுவரின் உச்சி வரிசைக் கற்களை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிடும்படி தன் மாணவரிடம் சொன்னார். ஒரு மாதம் கழித்து காஃப்மனை அழைத்துப் போய் அந்த இடைவெளியைக் காட்டினார். தளம் சுவரைத் தொடாமல் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது! பிறகு அந்தச் சுவரே அகற்றப்பட்டது.

வீட்டுக்குள் போவோமா?

1937-ல் வீடு தயாரானது. மேலே விருந்தினர் விடுதி 1939-ல் முடிந்தது. மொத்தச் செலவு சுமார் 1,55,000 டாலர்.

வீட்டுக்குப் பயன்பட்ட கல் முழுவதும் அதே நிலத்தில் வெட்டி எடுத்தது. காஃப்மன் குடும்பத்தார் வெயில் காய்ந்த பாறை என்ன ஆயிற்று தெரியுமா? அதை உடைக்கவில்லை. வரவேற்பு அறையின் தரையிலிருந்து அது அப்படியே தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல்தான் குளிர் காயும் அடுப்பு! சுற்றியுள்ள கல் தரையை மெழுகு பூசிப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறார்கள். பாறைக்கு மட்டும் மெழுகு பூசவில்லை. பார்த்தால், ஓடும் தண்ணீருக்கு நடுவில் காய்ந்த பாறை ஒன்று எழுந்து நிற்பது போலவே இருக்கும்.

அறையின் ஒரு மூலையில் கண்ணாடி மூடி. அதைத் திறந்தால் படிக்கட்டு ஒன்று தொங்கியபடி நேராக ஓடைக்கு இறங்குகிறது. சில ஜன்னல்களின் கண்ணாடி, சட்டமே இல்லாமல் கல் சுவருக்குள் செருகப்பட்டிருக்கிறது. வழியில் இருந்த மரத்துக்காக ஒரு காங்கிரீட் உத்தரத்தையே வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்தால் அருவியைப் பார்க்க முடியாது. ஆனால் அதன் ஓசை, இரவும் பகலும், எல்லா அறைகளிலும் கேட்டுக்கொண்டே இருக்கும்!

1938 ஜனவரியில் 'டைம்' பத்திரிகை ரைட்டின் படத்தை அட்டையில் போட்டது. அவருக்குப் பின்னால் அருவி வீட்டின் ஓவியம். காலம் முடிந்துவிட்டது என்று பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள். அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் ரைட் ஓயாமல் உழைத்தார். நியூயார்க்கில் சங்கு போலச் சுழன்று ஏறும் குகன்ஹெய்ம் அருங்காட்சியகத்தை வடிவமைத்தார். அதன் திறப்பு விழாவைக் காணாமலேயே, 1959 ஏப்ரல் 9-ம் தேதி, 91-ம் வயதில் காலமானார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை அவர் வரைந்தார். அவற்றில் ஐந்நூறுக்கும் மேல் கட்டி முடிக்கப்பட்டன.

காப்பாற்றிய கைகள்

கதை இன்னும் முடியவில்லை குழந்தைகளே! தளம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே இருந்தது. காஃப்மன் 1955-ல் இறக்கும் வரை, பல முறை ஆட்களை வைத்து அளந்து பார்த்துக் குறித்து வைத்தார். அழகான வீடுதான், ஆனாலும் மனதின் ஓரத்தில் பயம் இருந்திருக்கிறது, பாருங்கள்! மழைக்காலத்தில் கூரை ஒழுகும் தொல்லை வேறு.

1963-ல் மகன் எட்கர் காஃப்மன் அந்த வீட்டையும் நிலத்தையும் மேற்குப் பென்சில்வேனியா இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். 1964-ல் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். அன்று முதல் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே வந்து பார்த்திருக்கிறார்கள்.

1990-களில் பொறியாளர்கள் கருவிகள் வைத்து ஆராய்ந்தார்கள். தளத்தின் முனை சுமார் 7 அங்குலம் தாழ்ந்திருந்தது. இப்படியே விட்டால் ஒருநாள் அருவியில் விழுந்துவிடும் என்று தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. ரைட் முதலில் சொன்ன அளவுக்கு மட்டும் கம்பி போட்டிருந்தால், அந்த வீடு அன்றே விழுந்திருக்கும்! அவர் கோபப்பட்ட அந்தக் கூடுதல் கம்பிகள்தான் அவருடைய வீட்டைக் காப்பாற்றியிருக்கின்றன.

1997-ல் தளத்துக்கு அடியில் தற்காலிகமாக இரும்பு முட்டுக் கொடுத்தார்கள். 2002-ல் பழுது பார்த்தார்கள். வரவேற்பு அறைத் தரைக் கற்களுக்கு எண் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். அடியில் இருந்த உத்தரங்களின் ஓரமாக வலுவான எஃகு வடங்களைப் பொருத்தி, இயந்திரத்தால் இழுத்து இறுக்கினார்கள். பிறகு கற்களை அதே வரிசையில் பதித்துவிட்டார்கள். சரிந்த தளம் நிமிரவில்லை. ஆனால் மேலும் சரிவது நின்றுவிட்டது. 2019-ல் யுனெஸ்கோ, ரைட்டின் எட்டுக் கட்டடங்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அருவி வீடும் அவற்றில் ஒன்று.

பதினாறு வயதில் வேலியைப் பிடித்துக்கொண்டு, இடிந்த கட்டடத்தைப் பார்த்து நின்ற அதே ரைட்தான், 69-ம் வயதில் கம்பி போதாது என்று சொன்னவர்கள் மேல் கோபப்பட்டார். பெரிய மேதைகளுக்கும் இப்படி நேர்வது உண்டு. யாரும் நினைக்காத ஒன்றை நினைக்க ரைட்டைப் போன்ற ஒருவர் வேண்டும். அதைக் கணக்குப் போட்டுச் சரிபார்க்கப் பெயர் தெரியாத சிலரும் வேண்டும். பிறகு, உடைந்து போகாமல் பார்த்துக்கொள்ள அடுத்த தலைமுறையும் வேண்டும். நீங்கள் போட்ட கணக்கில் நண்பன் ஒரு தவறைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். அவன் உங்கள் வீட்டுக்குக் கூடுதல் கம்பி போடுகிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தெருவில் எங்காவது வீடு கட்டினால், அப்பா அல்லது அம்மாவோடு போய்த் தள்ளி நின்று பாருங்கள். சன்ஷேடுக்குள் வைக்கும் கம்பி மேல்பக்கமாக இருக்கிறதா, கீழ்ப்பக்கமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். ஏன் அப்படி வைக்கிறீர்கள் என்று கொத்தனார் மாமாவிடம் கேளுங்கள். அழிரப்பர் சோதனையைச் செய்து பார்த்திருந்தால், அவர் பதில் சொல்வதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடுவீர்கள்!